ராணிக்கு அடைக்கலம் கொடுத்த விருப்பாச்சி பாளையக்காரர்

பழனிக்குப் போகிறவர்கள் பஞ்சாமிர்தம் வாங்காமல் திரும்புவது இல்லை. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு மணமும் ருசியும் கொடுப்பது மலைவாழைப்பழம். விருப்பாச்சிப் பழம் என்றே அதற்குப் பெயர். சின்னப் பழம்தான். ஆனால் அதன் இனிப்பு வேறு எந்தப் பழத்துக்கும் வராது.

பழத்தின் பெயர் ஊரின் பெயர். திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் போகும் வழியில் ஒட்டன்சத்திரம் இருக்கிறது. காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டிச் சிறிது தூரம் போனால், தெற்கே பழனிமலை சுவர் போல எழுந்து நிற்பதைக் காணலாம். அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறது விருப்பாச்சி.

இன்று அது சிறிய ஊர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. அது ஒரு பாளையத்தின் தலைநகரம். அங்கே கோட்டை இருந்தது. படை இருந்தது. கும்பினியார் பெயரைக் கேட்டு எரிச்சல் அடைந்த ஒரு பாளையக்காரர் இருந்தார்.

அவர் பெயர் கோபால நாயக்கர்.

கட்டபொம்மனை எல்லாருக்கும் தெரியும். மருது சகோதரர்களைத் தெரியும். ராணி வேலு நாச்சியாரைத் தெரியும். அந்த ராணி எட்டு ஆண்டுகள் யார் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, யார் காவலில் உயிர் பிழைத்து, மீண்டும் அரியணை ஏறினார் என்பதைப் பலர் நினைப்பது இல்லை.

அடைக்கலம் கொடுத்தவர் இந்தக் கோபால நாயக்கர்தான்.

பாளையமும் குடும்பமும்

அவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், பாளையம் என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

16-ம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டது. விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு தலைவர். அவர்தான் பாளையக்காரர்.

பாளையக்காரர் குடிகளிடம் வரி வாங்குவார். அதில் ஒரு பங்கு அரசருக்கு. ஒரு பங்கு படைக்கு. மீதி ஒரு பங்கு பாளையக்காரரின் செலவுக்கு. அரசர் கூப்பிட்டால் படையுடன் போக வேண்டும். தம் எல்லைக்குள் திருட்டு, கொள்ளை நடக்காமல் காவல் காக்க வேண்டும். வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலையே.

திண்டுக்கல் சீமையில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பாளையங்கள் இருந்தன. கன்னிவாடி, அம்மையநாயக்கனூர், இடையகோட்டை, ஆயக்குடி, பழனி ஆகியவை அவற்றில் சில. விருப்பாச்சியும் அவற்றில் ஒன்று.

விஜயநகரத்துக்கும் இந்தச் சீமைக்கும் இருந்த உறவு, ஊரின் பெயரிலேயே தெரியும். துங்கபத்திரைக் கரையில் அம்பியில் கோயில் கொண்டிருக்கும் சிவனுக்கு விருபாட்சர் என்று பெயர். விஜயநகர அரசர்களின் குலதெய்வம் அவர். அந்தப் பெயரே இங்கே பழனிமலை அடிவாரத்தில் விருப்பாச்சி என்று வழங்குகிறது.

பாளையக்காரர் வீட்டில், வீடு வேறு, ஆட்சி வேறு என்று இல்லை. தந்தைக்குப் பிறகு மகன் பட்டத்துக்கு வருவான். தம்பியும் மைத்துனனும் படை நடத்துவார்கள். பக்கத்துப் பாளையத்தில் பெண் எடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள். கல்யாணம் முடிந்தால் இரண்டு குடும்பங்கள் மட்டும் அல்ல, இரண்டு படைகளும் உறவாகிவிடும். பாளையக்காரர் நன்றாக இருந்தால் குடும்பம் தழைக்கும். அவர் தோற்றால், அவரோடு வீடே விழும்.

கோபால நாயக்கர் இதை அறிந்தவர். அறிந்துதான் அவர் தம் வாசலைத் திறந்தார்.

திண்டுக்கல் கோட்டை யாருக்கு?

அந்தக் காலத்தில் விருப்பாச்சிக்குக் கிழக்கே திண்டுக்கல் கோட்டை பெரும் பலத்துடன் நின்றது. திண்டு போல உருண்ட ஒற்றைப் பாறை. அதன் உச்சியில் கோட்டை. 1605-ம் ஆண்டில் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டியது என்பார்கள். கோட்டை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் சொல்தான் சீமையில் செல்லும்.

மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு திண்டுக்கல் மைசூர்க்காரர்கள் வசம் போயிற்று. 1755-ம் ஆண்டில் மைசூர் அரசு தன் தளபதி ஒருவரை பவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு அனுப்பியது. பாளையக்காரர்களை அடக்கி, வரி வாங்குவது அவர் வேலை.

அந்தத் தளபதிதான் ஐதர் அலி. பிற்காலத்தில் மைசூருக்கே அதிபதி ஆனவர். அவருடைய உயர்வுக்கு முதல் படி திண்டுக்கல்.

வெள்ளையர்களும் இந்தக் கோட்டையின் மீது கண் வைத்தார்கள். 1767-ம் ஆண்டில் கும்பினிப் படை கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டே ஐதர் அலி அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். ஆகவே, 1772-ம் ஆண்டில் திண்டுக்கல் சீமை ஐதரின் ஆட்சியில் இருந்தது. விருப்பாச்சிப் பாளையக்காரரும் அவருக்கு அடங்கியவரே.

கிழக்கே மதுரையும் அதைத் தாண்டிய நாடும் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியிடம் இருந்தன. நவாபுக்குப் பின்னால் வெள்ளையர்களின் பீரங்கிகள் நின்றன.

இந்த எல்லைக் கோடுதான் ஒரு ராணியின் உயிரைக் காப்பாற்றப் போகிறது.

காளையார்கோயிலில் நடந்த கோரம்

1772-ம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி.

சிவகங்கைச் சீமையின் மன்னர் முத்துவடுகநாதப் பெரிய உடையத்தேவர் காளையார்கோயிலில் இருந்தார். நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்தவர் அவர். ஜோசப் ஸ்மித், பான்ஜோர் என்ற இரண்டு வெள்ளைத் தளபதிகளின் படைகள் இரண்டு பக்கமாக வந்து பாய்ந்தன. மன்னர் போரில் மாண்டார். இளையராணி கௌரி நாச்சியாரும் உயிர் இழந்தார்.

மூத்த ராணி வேலு நாச்சியார் அப்போது அங்கே இல்லை. அதனால் பிழைத்தார்.

அவர் ராமநாதபுரம் மன்னர் செல்லமுத்து சேதுபதியின் ஒரே மகள். ஆண் பிள்ளை போல வளர்ந்தவர். வாள், வில், குதிரை ஏற்றம் எல்லாம் பழகியவர். பல மொழிகள் அறிந்தவர். இப்போது அவருக்குக் கணவர் இல்லை. நாடு இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு செல்வம். அது அவருடைய மகள் வெள்ளச்சி.

சிவகங்கைச் சீமையை நவாபின் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு உசேன் நகர் என்று பெயரையும் மாற்றினார்கள். ராணியையும் மகளையும் பிடித்துவிட்டால், சீமைக்கு வாரிசு கேட்க ஆள் இல்லை. ஆகவே அவர்களைத் தேடினார்கள்.

முதிய பிரதானி தாண்டவராய பிள்ளையும், பெரிய மருது, சின்ன மருது சகோதரர்களும் ராணியை அழைத்துக்கொண்டு மேற்கே புறப்பட்டார்கள். வழியில் உடையாள் என்ற இளம்பெண்ணை எதிரிகள் பிடித்து, ராணி போன திசையைக் கேட்டார்களாம். அவள் சொல்லவில்லை. அவளை வெட்டிக் கொன்றார்கள் என்று சிவகங்கைச் சீமையில் இன்றும் சொல்வார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த இடம் விருப்பாச்சி.

எட்டு ஆண்டுகள்

ராணி விருந்தாளியாக வரவில்லை. அகதியாக வந்தார். நாளைக்கே நாடு திரும்பி, வாங்கிய கடனைத் தீர்ப்பார் என்று யாரும் சொல்ல முடியாத நிலைமை.

அவரை ஏற்றுக்கொண்டால் நவாபின் பகை வரும். வெள்ளையர்களின் பகை வரும். மைசூர் அதிபதி என்ன நினைப்பாரோ என்ற பயமும் இருந்திருக்கும். ராணிக்கும் கோபால நாயக்கருக்கும் ரத்த உறவு இல்லை. குலமும் வேறு, தாய்மொழியும் வேறு. ராணியை நாலு நாள் தங்க வைத்து, வழிச் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்பியிருந்தால், உலகம் அவரைக் குறை சொல்லியிருக்காது.

அவர் அப்படிச் செய்யவில்லை. ராணியையும் மகளையும் தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. எட்டு ஆண்டுகள்!

நாடு இழந்த ராணி தனியாக இருக்கமாட்டார். பிரதானி இருப்பார். தளபதிகள் இருப்பார்கள். சிவகங்கையில் இருந்து தப்பி ஓடி வரும் வீரர்கள் நாளுக்கு நாள் சேருவார்கள். அத்தனை பேருக்கும் இடம் வேண்டும், உணவு வேண்டும். பெரிய ராஜ்யத்துக்கே பாரமான காரியம் இது. சின்னப் பாளையம் ஒன்று அதைச் சுமந்தது.

விருப்பாச்சியின் இருப்பிடமும் உதவியாக இருந்தது. ஊருக்குப் பின்னால் அடர்ந்த மலை. ஆபத்து வந்தால் மலை ஏறிவிடலாம். எதிரே திண்டுக்கல் கோட்டையில் ஐதரின் படை. நவாபோ வெள்ளையரோ ராணியைப் பிடிக்க எல்லை தாண்டினால், அது மைசூரோடு போர் தொடுத்ததாக ஆகும். அதற்கு அவர்கள் அப்போது தயாராக இல்லை.

ராணி சும்மா இருக்கவில்லை. 1772-ம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே தாண்டவராய பிள்ளை, ராணியின் சார்பில் ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரை வீரர்களும் 5,000 காலாட்படையினரும் கொடுத்தால் நாட்டை மீட்டுவிடலாம் என்பது அதில் இருந்த கோரிக்கை.

ஐதருக்கும் வெள்ளையர் மீது கோபம் இருந்தது. 1769-ம் ஆண்டில் சென்னையில் அவர்கள் ஐதருடன் உடன்படிக்கை செய்தார்கள். ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவ வேண்டும் என்பது பேச்சு. மராட்டியர்கள் மைசூரின் மேல் பாய்ந்தபோது வெள்ளையர்கள் உதவிக்கு வரவில்லை. அந்தத் துரோகத்தை ஐதர் மறக்கவில்லை.

வேலு நாச்சியார் ஐதரை நேரில் சந்தித்து உருது மொழியில் தம் குறைகளை எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டு ஐதர் வியந்துபோனார் என்பார்கள். ராணிக்குப் படை உதவி செய்யும்படி திண்டுக்கல் கோட்டைத் தளபதிக்கு உத்தரவு போயிற்று.

இதற்கிடையே முதியவரான தாண்டவராய பிள்ளை காலமாகிவிட்டார். ராணியின் வலது கை ஒடிந்தது போல் ஆயிற்று. அப்போதும் விருப்பாச்சி அவரைக் கைவிடவில்லை. மருது சகோதரர்கள் முன்னே வந்தார்கள். மலையடிவாரத்தில் படை திரண்டது. பெண்களும் ஆயுதம் பயின்றார்கள். உயிர் கொடுத்த உடையாளின் பெயரால் ஒரு பெண்கள் படையே அமைந்தது.

1780-ம் ஆண்டில் காலம் கனிந்தது. ஐதர் அலி பெரும் படையுடன் கர்நாடகத்துக்குள் புகுந்தார். நவாபும் வெள்ளையரும் நிலைகுலைந்தார்கள். அதே ஆண்டில் வேலு நாச்சியார் படையுடன் புறப்பட்டு, சிவகங்கையை மீட்டார். உடலில் நெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு, எதிரியின் வெடிமருந்துக் கிடங்கில் குதித்த குயிலியின் கதை அந்தப் போரைப் பற்றியதுதான்.

ராணி அரியணை ஏறினார். மருது சகோதரர்கள் அவருக்குத் துணையாக அதிகாரம் ஏற்றார்கள். வெள்ளச்சி தன் சொந்த அரண்மனைக்குத் திரும்பினாள்.

கோபால நாயக்கர் பழையபடி தம் பாளையத்தைப் பார்க்கத் தொடங்கினார். அவர் கதை இதோடு முடிந்திருந்தால் அது இன்பக் கதை. ஆனால் முடியவில்லை.

கொடி மாறியது

1782-ம் ஆண்டில் ஐதர் அலி இறந்தார். மகன் திப்பு சுல்தான் பட்டத்துக்கு வந்தார்.

திண்டுக்கல் கோட்டை மறுபடியும் கை மாறத் தொடங்கியது. 1783-ல் வெள்ளையர் பிடித்தார்கள். 1784-ல் உடன்படிக்கை செய்து திருப்பிக் கொடுத்தார்கள். 1790-ல் மீண்டும் பிடித்தார்கள். இந்தத் தடவை அவர்கள் கோட்டையை விடவில்லை.

1792-ம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்தில் திப்பு தோற்றார். நாட்டில் பாதியைக் கொடுத்தார். பெற்ற பிள்ளைகள் இருவரைப் பணயமாகக் கொடுத்தார். அவர் இழந்த சீமைகளில் திண்டுக்கல்லும் ஒன்று. பழைய மதுரை ராஜ்யத்தில் கும்பினி தன் கலெக்டரை முதன்முதலில் அமர்த்திய இடம் திண்டுக்கல்தான்.

பாளையக்காரர்கள் இதற்கு முன்பும் பல எசமானர்களைப் பார்த்தவர்கள். மதுரைக்குக் கட்டினார்கள், மைசூருக்குக் கட்டினார்கள். விளைச்சல் இல்லாத ஆண்டில் தவணை சொல்வார்கள். பலம் இருந்தால் கொடுக்காமலும் இருப்பார்கள். அரசரின் படை வந்தால் பேசி முடிப்பார்கள்.

கும்பினியிடம் இந்தப் பேச்சு செல்லவில்லை. குறித்த நாளில், குறித்த தொகையைக் கட்ட வேண்டும். நிலத்தை அளந்தார்கள். எல்லையைக் குறித்தார்கள். பாளையக்காரர் வாங்கி வந்த காவல் பணத்தின் மீது கை வைத்தார்கள். வழக்கைத் தீர்க்கும் உரிமையும் போகத் தொடங்கியது. படை எதற்கு, ஆயுதம் எதற்கு என்று கேட்டார்கள்.

படையும் காவலும் நியாயமும் போய்விட்டால் பாளையக்காரருக்கு என்ன மிஞ்சும்? வரி வாங்கிக் கொடுக்கும் தரகர் வேலை ஒன்றுதான்.

சிலர் வளைந்தார்கள். பாளையம் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

கோபால நாயக்கர் வளையவில்லை.

திண்டுக்கல் கூட்டணி

மணப்பாறையில் லட்சுமி நாயக்கர் என்ற பாளையக்காரர் இருந்தார். தேவதானப்பட்டியில் பூசை நாயக்கர் இருந்தார். இவர்களையும் சேர்த்துக்கொண்டு கோபால நாயக்கர் ஒரு கூட்டணி அமைத்தார். சரித்திரத்தில் அதற்குத் திண்டுக்கல் கூட்டணி என்று பெயர். திப்பு சுல்தானும் இவர்களுக்கு நட்புத் தெரிவித்துத் தூதர்களை அனுப்பினார்.

இடிகள் அடுத்தடுத்து விழுந்தன. 1796-ம் ஆண்டில் வேலு நாச்சியார் காலமானார். 1799-ம் ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டணக் கோட்டை வாசலில் திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார். அதே ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

அத்தோடு எல்லாரும் அடங்கிவிடுவார்கள் என்று வெள்ளையர் நினைத்தார்கள். நடந்தது வேறு.

1800-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் விருப்பாச்சியில் ஒரு கூட்டம் நடந்தது. வெள்ளையரை எதிர்ப்பவர்கள் ஒன்றுகூடி ஆலோசனை செய்தார்கள்.

அது சின்னக் காரியம் அல்ல. சிவகங்கையில் மருது சகோதரர்கள். மலபாரில் கேரள வர்மா. கன்னட நாட்டில் கிருஷ்ணப்ப நாயக்கரும் தூண்டாஜி வாக்கும். ஆனைமலையில் யதுல் நாயக்கர். வேறு வேறு மொழி; வேறு வேறு மதம். இத்தனை பேரையும் ஒரே நோக்கம் இணைத்தது. ஒரு காலத்தில் ராணிக்குத் திறந்த விருப்பாச்சி வாசல், இப்போது இந்தப் பெரும் முயற்சிக்குத் திறந்தது. இந்தியாவின் முதல் சுதந்திரப் போர் என்று 1857-ஐச் சொல்கிறோம். அதற்கு 57 ஆண்டுகளுக்கு முன்பே, தென்னாட்டில் பல நாட்டவர்கள் சேர்ந்து எழ முயன்றார்கள் என்பதை மறக்கக் கூடாது.

முதல் அடி கோயமுத்தூரில் விழ வேண்டும் என்பது திட்டம். அங்கே கும்பினியின் படை முகாம் இருந்தது. நாள் குறித்தார்கள். 1800-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி. அன்று மொகரம்.

திட்டம் முன்கூட்டியே வெளியாகிவிட்டது. கோட்டை உஷார் ஆயிற்று. பல இடங்களில் புரட்சிக்காரர்கள் பிடிபட்டார்கள். கோயமுத்தூர், தாராபுரம், சத்தியமங்கலம் பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள்.

வடக்கே இருந்து வரவேண்டிய உதவியும் வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி தூண்டாஜி வாக் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். அவரைத் துரத்தி வந்த வெள்ளைத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பதினைந்து ஆண்டுகள் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு அவரேதான்!

கடைசி ஆண்டு

1801-ம் ஆண்டு பிறந்தது. பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டம் ஆக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்தது. தெற்குச் சீமை முழுவதும் தீப்பற்றியது.

திண்டுக்கல் சீமையிலும் போர் மூண்டது. கும்பினிப் படை விருப்பாச்சியின் மீது வந்தது. கோபால நாயக்கர் மலையையும் காட்டையும் அரணாகக் கொண்டு போரிட்டார். ஆனைமலைக் காடுகளிலும் சண்டை நடந்தது. குடியானவர்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

ராணி அடைக்கலம் தேடி வந்து 29 ஆண்டுகள் ஆகிவிட்டன. கோபால நாயக்கர் இப்போது இளைஞர் அல்ல. வயது ஏறியவர் காட்டில் ஒளிந்து போர் செய்வது எவ்வளவு கடினம்! அந்தக் காலத்தில் ராணிக்குக் காவலாக நின்ற ஐதர் இல்லை, திப்பு இல்லை. திண்டுக்கல் கோட்டையே எதிரியிடம் இருந்தது. ராணியைக் காப்பாற்றிய எல்லைக்கோடு அழிந்துபோய்விட்டது. எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே கொடிதான் பறந்தது.

அந்த ஆண்டிலேயே அவர் பிடிபட்டார். அவரைத் தூக்கில் போட்டார்கள்.

திண்டுக்கல் நகரத்தில் கோபாலசமுத்திரம் என்று ஒரு குளம் இருக்கிறது. அந்தக் குளக்கரையில்தான் அவரைத் தூக்கிலிட்டார்கள் என்றும், அவர் பெயரால்தான் குளத்துக்குப் பெயர் வந்தது என்றும் ஊரார் சொல்லி வருகிறார்கள்.

அவரோடு தோள் கொடுத்தவர்களும் அதே ஆண்டில் மறைந்தார்கள். அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையைத் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியையும், வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையத்தேவரையும், இன்னும் பலரையும் கப்பலில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

விருப்பாச்சியில் அடைக்கலம் இருந்த சிறுமியின் கணவருக்கும், அடைக்கலம் கொடுத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிவு வந்தது. அதைப் பார்க்க வேலு நாச்சியார் உயிரோடு இல்லை. வெள்ளச்சியும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

வீடு போயிற்று, பெயர் நின்றது

போருக்குப் பிறகு கும்பினி பாளையங்களை ஜமீன்களாக மாற்றியது. அடங்கி இருந்தவர்களுக்குப் பட்டயம் கொடுத்தது. கன்னிவாடி, அம்மையநாயக்கனூர், இடையகோட்டை முதலியவை ஜமீன்களாகத் தொடர்ந்தன. நாடு சுதந்திரம் அடைந்து, 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும் வரையில் ஜமீன் முறை நீடித்தது.

விருப்பாச்சிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாளையத்தைப் பறிமுதல் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்ட குடும்பம் ஆட்சியை இழந்தது. பாளையக்காரர் தோற்றால் அவரோடு வீடே விழும் என்று தொடக்கத்தில் சொன்னோம். அப்படியே விழுந்தது.

கோபால நாயக்கர் செய்தது லாபமா, நஷ்டமா?

கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் நஷ்டம்தான். ராணிக்கு நாடு கிடைத்தது. அவருக்கு ஒரு ஊர்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. இருந்த பாளையமும் போயிற்று. மற்றவர்களைப் போல அவரும் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால், அவர் பிள்ளைகளும் பேரன்களும் ஜமீன்தார்களாக வாழ்ந்திருப்பார்கள்.

ஆனால், 1772-ல் அவர் வாசலை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிவகங்கைக்கு ராணி திரும்பியிருக்க மாட்டார். மருது சகோதரர்கள் தலைதூக்கியிருக்க மாட்டார்கள். 1801-ல் எழுந்த அந்தப் பெரும் போர் அந்த அளவுக்கு மூண்டிருக்காது. ஒரு மனிதர் ஒரு தாய்க்கும் மகளுக்கும் கதவைத் திறந்தார். அந்தக் கதவு வழியாகத் தமிழ்நாட்டின் சரித்திரமே நடந்து சென்றது.

தமிழ்நாட்டு அரசு விருப்பாச்சியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பி இருக்கிறது. பாடப்புத்தகத்திலும் அவர் பெயர் இடம்பெற்றுவிட்டது. தாமதமாகச் செய்தாலும், செய்யவேண்டிய மரியாதை.

அடுத்த தடவை பழனிக்குப் போகும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டியதும் தெற்கே மலையைப் பாருங்கள். அதன் அடிவாரத்தில்தான் நாடு இழந்த ராணி ஒருத்தி தன் மகளோடு எட்டு ஆண்டுகள் பயம் இல்லாமல் தூங்கினாள். அவளுக்குக் காவல் இருந்தவர் பெயர் கோபால நாயக்கர் என்று, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.